குலேப்ரா தீவுக்குச் செல்வது எப்படி: திரும்பும் படகிலிருந்து தொடங்க வேண்டிய திட்டம்

புவேர்ட்டோ ரிக்கோவின் 78 நகராட்சிகளுள் ஒன்றான குலேப்ரா, பெரிய தீவின் கிழக்குக் கரையிலிருந்து ஏறத்தாழ 27 கிலோமீட்டர் தொலைவில் கரீபியக் கடலுக்கும் அட்லாண்டிக் பெருங்கடலுக்கும் இடையே கிடக்கும் ஒரு சிறு தீவு. நீளம் சுமார் 11 கிலோமீட்டர், அகலம் 5 கிலோமீட்டர். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்வோர் 1,792 பேர். அங்குள்ள ஃபிளமென்கோ கடற்கரை உலகின் அழகிய கடற்கரைகளின் பட்டியல்களில் அடிக்கடி இடம்பெறுவதால், இந்தச் சிறிய ஊருக்கு ஆண்டு முழுவதும் பயணிகள் வந்துகொண்டே இருக்கிறார்கள். வருகிறவர்களில் பலர் கடற்கரையைப் பற்றி நிறையப் படித்துவிட்டு, அங்கே போகவும் அங்கிருந்து திரும்பவும் வேண்டிய வழியைப் பற்றி மிகக் குறைவாகவே தெரிந்துகொண்டு கிளம்புகிறார்கள். அதனால் இந்த வழிகாட்டி கடற்கரையிலிருந்து தொடங்காமல் திரும்பும் படகிலிருந்து தொடங்குகிறது.

திட்டமிடும் முறை

முதலில், குலேப்ராவிலிருந்து நீங்கள் வெளியேற வேண்டிய நாளை முடிவு செய்யுங்கள். அந்த நாளுக்கும் புவேர்ட்டோ ரிக்கோவின் தலைநகரான சான் ஹுவானிலிருந்து உங்கள் விமானம் புறப்படும் நாளுக்கும் இடையே ஓர் இரவாவது சான் ஹுவானில் தங்கும்படி இடைவெளி விடுங்கள். கடல் கொந்தளித்தாலோ படகில் பழுது ஏற்பட்டாலோ பயணம் தாமதமாகலாம், சில வேளைகளில் ரத்தாகலாம். அன்று மாலையே பெரிய விமானத்தைப் பிடிக்க வேண்டியவர்களுக்கு அப்போது வேறு வழியே இருக்காது. காலைப் படகில் போய் மாலைப் படகில் திரும்புவது எளிதாகத் தோன்றினாலும், பெரிய தீவில் படகு புறப்படும் செய்பா துறைமுகத்துக்குப் போகும் நேரம், வரிசையில் நிற்கும் நேரம், கடலில் செல்லும் நேரம் ஆகியவற்றைக் கூட்டிப் பார்த்தால் கடற்கரைக்கு மிஞ்சுவது சில மணி நேரமே. அதோடு ஒரு நாள் பயணிகள் எல்லோரும் ஒரே படகில் இறங்கி, ஒரே கடற்கரைக்குப் போய், ஒரே படகுக்குத் திரும்புகிறார்கள். ஆகையால் குறைந்தது இரண்டு இரவுகள் தீவில் தங்குங்கள் என்பதே என் உறுதியான பரிந்துரை. மாலைப் படகு புறப்பட்ட பிறகு ஃபிளமென்கோவில் கூட்டம் கலைந்துவிடும். காலையில் முதல் படகு வருவதற்கு முன்பும் அது அமைதியாக இருக்கும். தங்குகிறவர்களுக்கு இந்த இரண்டு வேளைகளும் கிடைக்கின்றன.

புவேர்ட்டோ ரிக்கோ அமெரிக்க ஆட்சிப்பகுதி என்பதால், இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்போர் அமெரிக்க விசா பெற்றிருக்க வேண்டும். அமெரிக்காவின் பிற நகரங்களிலிருந்து சான் ஹுவானுக்கு வருவது உள்நாட்டுப் பயணமாகவே கருதப்படுகிறது. ஆயினும் அமெரிக்காவில் வசிக்கும் வெளிநாட்டவர் தங்கள் குடியேற்ற ஆவணங்களைக் கையில் வைத்திருப்பது நல்லது. நாணயம் அமெரிக்க டாலர், மின்சாரம் 120 வோல்ட், பேச்சுமொழி ஸ்பானிஷ். பயணிகள் தொழிலோடு தொடர்புடைய பெரும்பாலோர் ஆங்கிலமும் பேசுவார்கள்.

எந்த மாதத்தில் போவது என்பதில் ஒரு நுட்பம் உண்டு. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை மழை குறைவு, வெப்பமும் இதமானது. எனவே அதுவே பயணிகள் மிகுந்த பருவம். ஆனால் வட அட்லாண்டிக்கில் எழும் குளிர்காலப் புயல்களின் அலைகள் அந்த மாதங்களில்தான் தீவின் வடகரையை அடைகின்றன. வடக்கு நோக்கிய ஃபிளமென்கோவில் சில நாட்கள் குளிக்கவே முடியாதபடி அலை ஓங்கும். ஈஸ்டருக்குப் பிந்திய வாரங்களும் மே மாதமும் கடல் அமைதியாகவும் கூட்டம் குறைவாகவும் இருக்கும் காலம். என்னைக் கேட்டால் அதையே தேர்ந்தெடுக்கச் சொல்வேன். ஈஸ்டருக்கு முந்திய புனித வாரத்தில் பெரிய தீவின் குடும்பங்கள் திரண்டு வருவதால் படகிலும் விடுதிகளிலும் இடம் கிடைப்பது அரிது. ஜூலை மாதத்தின் வார இறுதிகளும் ஏறக்குறைய அப்படித்தான். சூறாவளிப் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை நீடித்தாலும், உச்சம் ஆகஸ்ட் நடுப்பகுதி முதல் அக்டோபர் வரைதான். 1989 செப்டம்பரில் ஹியூகோவும், 2017 செப்டம்பரில் இரண்டு வார இடைவெளியில் இர்மாவும் மரியாவும் இத்தீவைத் தாக்கின. அந்த மாதங்களில் போவதானால், ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் முன்பதிவுகளை மட்டும் செய்யுங்கள்.

படகும் சிறு விமானமும்

படகு புறப்படும் இடம் செய்பா. பழைய வழிகாட்டிகளில் ஃபஹார்தோ என்று இருக்கும். 2018இல் படகுத்துறை அங்கிருந்து செய்பாவில் உள்ள முன்னாள் ரூஸ்வெல்ட் ரோட்ஸ் கடற்படைத் தளத்துக்கு மாற்றப்பட்டுவிட்டது. சான் ஹுவான் விமான நிலையத்திலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகும். காலை நெரிசலில் இன்னும் கூடும். பயணச்சீட்டு ஒரு வழிக்கு 2.25 டாலர்தான். இந்த விலை பயணிகளைக் கருதி வைக்கப்பட்டதன்று. மருத்துவருக்கும் வங்கிக்கும் உறவினர் வீட்டுக்கும் போய் வர வேண்டிய தீவு மக்களுக்காக அரசு ஏற்பாடு செய்யும் போக்குவரத்து இது. ஆகவே படகில் ஏறுவதில் தீவுவாசிகளுக்கே முன்னுரிமை. அவர்கள் ஏறிய பிறகு மற்றவர்களை அழைப்பார்கள். இதைப் பார்த்து வரிசையில் முணுமுணுக்கும் பயணிகள் உண்டு. பெரிய மருத்துவமனை இல்லாத ஒரு தீவில் சிகிச்சைக்குப் போய்த் திரும்பும் முதியவர், நம் விடுமுறைக்காகக் கரையில் நிற்க வேண்டியதில்லை என்பதை எண்ணிப் பார்த்தால் அந்த முணுமுணுப்புக்கு இடமே இராது.

சீட்டை இணையத்தில் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். போகும் சீட்டோடு திரும்பும் சீட்டையும் சேர்த்து வாங்குங்கள். புறப்படும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவாவது துறைக்குச் சென்று சேருங்கள். அதே துறையிலிருந்து வியேகெஸ் தீவுக்கும் படகுகள் செல்வதால், எந்த வரிசையில் நிற்கிறோம் என்பதைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். கடற்பயணம் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வரை ஆகும். காற்று வீசும் நாளில் படகு நன்றாகவே ஆடும். கடல்நோய் வருபவர்கள் புறப்படுவதற்கு முன்பே மாத்திரை எடுத்துக்கொண்டு, கீழ்த்தளத்தின் நடுப்பகுதியில் அமர்வது உதவும். சான் ஹுவானில் எடுத்த வாடகைக் காரை செய்பாவில் உள்ள கட்டண நிறுத்துமிடத்தில் விட்டுவிட வேண்டும். வாடகை நிறுவனங்களின் ஒப்பந்தங்கள் பொதுவாகக் காரைப் படகில் ஏற்றிச் செல்ல அனுமதிப்பதில்லை.

செலவு கூடினாலும் பரவாயில்லை என்போர் விமானத்தில் செல்லலாம். பத்துப் பேருக்கும் குறைவானவர்களே அமரக்கூடிய சிறு விமானங்கள் செய்பாவிலிருந்தும், சான் ஹுவான் நகருக்குள் இருக்கும் இஸ்லா கிராண்டே விமான நிலையத்திலிருந்தும் புறப்படுகின்றன. செய்பாவிலிருந்து பறக்கும் நேரம் கால் மணிக்குள் முடிந்துவிடும். இஸ்லா கிராண்டே வேறு, வெளிநாட்டு விமானங்கள் இறங்கும் லூயிஸ் முன்யோஸ் மரீன் விமான நிலையம் வேறு என்பதை நினைவில் வையுங்கள். இந்த விமானங்களில் பயணியின் எடையையும் பையின் எடையையும் கேட்பார்கள் அல்லது நிறுத்துப் பார்ப்பார்கள். எடையைப் பொறுத்தே யார் எங்கே அமர்வது என்று முடிவாகும். பெரிய கடினப் பெட்டியைத் தவிர்த்து, மடங்கக்கூடிய பையில் துணிகளை எடுத்துச் செல்லுங்கள். குலேப்ராவின் ஓடுபாதையை நெருங்கும்போது விமானம் இரு குன்றுகளுக்கு நடுவே தாழ்ந்து வந்து திரும்பி இறங்கும். அங்கே எப்போதும் அப்படித்தான் இறங்க வேண்டியிருக்கிறது, அச்சப்பட ஒன்றுமில்லை.

தீவில் நடமாட்டமும் அன்றாடமும்

படகு வந்து நிற்கும் இடம் டூயி. தீவில் ஊர் என்று சொல்லத்தக்கது இது ஒன்றே. அமெரிக்கக் கடற்படைத் தளபதி ஜார்ஜ் டூயியின் பெயர் வைக்கப்பட்டது. துறையிலேயே பகிர்வு வேன்கள் காத்திருக்கும். சில டாலருக்கு ஃபிளமென்கோ வரை கொண்டு விடுவார்கள். அந்த ஒரு கடற்கரை மட்டும் போதும் என்றால் வேனே போதும். மற்ற கடற்கரைகளுக்கும் போக விரும்பினால் ஜீப் அல்லது கோல்ஃப் கார்ட் வாடகைக்கு எடுக்க வேண்டும். குளிர்காலப் பருவத்தில் இவை வாரங்களுக்கு முன்பே தீர்ந்துவிடும் என்பதால், விடுதியைப் பதிவு செய்யும் நாளிலேயே வண்டியையும் பதிவு செய்துவிடுங்கள். சாலைகள் குறுகலானவை, சில இடங்களில் செங்குத்தானவை. வலப்புறம் ஓட்ட வேண்டும். தீவின் கிழக்கு முனையில் இருக்கும் சோனி கடற்கரை வரை போக எண்ணுபவர்களுக்கு ஜீப்பே ஏற்றது.

குலேப்ராவில் ஆறுகள் இல்லை, ஓடைகளும் இல்லை. குடிநீர் பெரிய தீவிலிருந்து கடலடிக் குழாய் வழியாக வியேகெஸைக் கடந்து வருகிறது. மளிகைப் பொருட்கள் சரக்குப் படகில் வருகின்றன. நீண்ட நேரம் குளிப்பது, மணலைக் கழுவக் குழாயைத் திறந்து வைப்பது போன்ற பழக்கங்களை இங்கே கைவிட்டாக வேண்டும். குடும்பத்துக்கு வேண்டிய மருந்து, குழந்தை உணவு, கொசு விரட்டி ஆகியவற்றைப் பெரிய தீவிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். தீவில் இருப்பது சிறு மருத்துவ மையம் மட்டுமே. கடுமையான நோயாளிகளை விமானத்தில்தான் பெரிய தீவுக்கு அனுப்ப வேண்டும். இதய நோய் உள்ளவர்களும் நிறைமாதக் கர்ப்பிணிகளும் இதைக் கருத்தில் கொண்டு முடிவெடுக்க வேண்டும்.

சைவ உணவு உண்போருக்கு ஓர் எச்சரிக்கை. சோறும் பீன்ஸ் குழம்பும் எங்கும் கிடைக்கும், ஆனால் அந்தக் குழம்பில் பன்றி இறைச்சித் துண்டுகள் சேர்ப்பது அங்கு வழக்கம். வறுத்த வாழைக்காயை இடித்துச் செய்யும் மொஃபோங்கோவிலும் பன்றித் தோல் வறுவல் பெரும்பாலும் கலந்திருக்கும். 'சின் கார்னே, சின் ஹமோன்' என்று சொன்னால் இறைச்சியும் பன்றித் தொடையும் வேண்டாம் என்று புரிந்துகொள்வார்கள். தட்டி வறுத்த வாழைக்காயான தொஸ்தோனெஸ் பசிக்கு நல்ல துணை. தங்குமிடத்தில் சமையலறை இருந்தால், அரிசியும் பருப்பும் கொண்டுபோய்ச் சமைத்துக்கொள்வது எல்லாவற்றிலும் எளிது.

எந்தக் கடற்கரை, எந்த நாளில்

குலேப்ராவில் ஒவ்வொரு காலையும் காற்றையும் அலையையும் பார்த்துவிட்டே அன்றைய கடற்கரையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வடக்கிலிருந்து அலை வரும் நாளில் மேற்குக் கரை அமைதியாக இருக்கும்.

ஃபிளமென்கோ குதிரை லாட வடிவில் ஒன்றரைக் கிலோமீட்டர் அளவுக்கு வளைந்து கிடக்கும் வெண்மணல் விரிகுடா. நுழைவுக்கும் வண்டி நிறுத்தவும் சிறு கட்டணம் உண்டு. 1975இல் சட்டத்தால் அமைக்கப்பட்ட குலேப்ரா பாதுகாப்பு மேம்பாட்டு ஆணையம் இதை நிர்வகிக்கிறது. கூடாரம் அடித்துத் தங்க விரும்புவோர் முகாம் பகுதி திறந்திருக்கிறதா என்பதை முன்கூட்டியே விசாரித்துப் பதிவு செய்ய வேண்டும். உணவுக் கடைகள் நுழைவாயிலுக்கு அருகில் உள்ளன. கூட்டமும் அங்கேயே தேங்கும். மணலில் பத்து நிமிடம் நடந்தால் இடம் தாராளமாகக் கிடைக்கும். உயிர்காப்பாளர் இருப்பார் என்று நம்பித் தண்ணீரில் இறங்க வேண்டாம். அலை உடையும் இடங்களுக்கு நடுவே நீர் அமைதியாகத் தோன்றும் பகுதியில்தான் உள்ளிழுக்கும் நீரோட்டம் ஓடும். அதில் அகப்பட்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேறிய பின் திரும்ப வேண்டும்.

மேற்குக் கரையில் உள்ள தமரிண்டோ, பார்ப்பதற்குக் கூழாங்கல் நிறைந்த எளிய கரை. முகக்கண்ணாடியும் மூச்சுக்குழலும் அணிந்து நீந்துபவர்களுக்கு இந்தத் தீவில் நான் முதலில் சொல்லும் இடம் இதுதான். ஆழமில்லாத அடித்தளத்தில் கடற்புல் படர்ந்திருக்கிறது, அதை மேயப் பச்சை ஆமைகள் வருகின்றன. ஆமை மூச்சு வாங்க மேலே வரும் வழியை மறிக்காமல், சில மீட்டர் தள்ளி அசையாமல் மிதந்தால் அது நம்மைப் பொருட்படுத்தாமல் மேய்ந்துகொண்டிருக்கும். தொடுவதும் துரத்துவதும் அமெரிக்காவின் அழிவாய்ப்புள்ள உயிரினங்கள் சட்டப்படி குற்றம். தமரிண்டோவும் அதற்கு வடக்கே பவளத்திட்டுகளுக்குப் பெயர்பெற்ற கார்லோஸ் ரொசாரியோவும், 1999இல் அறிவிக்கப்பட்ட லூயிஸ் பேனியா கால்வாய் இயற்கைக் காப்பகத்துக்குள் வருகின்றன. மீன்பிடித்தல் முற்றிலும் தடை செய்யப்பட்ட முதல் கடற்காப்பகம் புவேர்ட்டோ ரிக்கோவில் இதுவே. கார்லோஸ் ரொசாரியோவுக்கு வண்டிச் சாலை இல்லை. ஃபிளமென்கோ வண்டி நிறுத்துமிடத்திலிருந்து குன்றைத் தாண்டி அரை மணிக்குள் நடந்து செல்லலாம். நிழலும் குடிநீரும் வழியில் கிடைக்காது. பவளத்தின் மேல் நிற்காதீர்கள், துடுப்புக் காலணி அதில் உராயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெயில் களிம்பை உடலெங்கும் பூசுவதைவிட முழுக்கை நீச்சல் சட்டை அணிவது தோலுக்கும் பவளத்துக்கும் நல்லது.

சோனிக்குச் சென்றால் குலேப்ரிட்டா தீவும் அதற்கப்பால் செயின்ட் தாமஸ் தீவின் மலைகளும் தெரியும். பிராவா, ரெசாகா ஆகிய வடகரைக் கடற்கரைகளில் நீரோட்டம் வலுவானது; நீந்துவதற்காக அங்கு போக வேண்டாம். மார்ச் அல்லது ஏப்ரல் முதல் ஜூலை வரை தோல்முதுகு ஆமைகள் முட்டையிட ஏறும் கரைகள் அவை. நூற்றுக்கணக்கான கிலோ எடையுள்ள அந்த விலங்கு, கைவிளக்கின் ஒரு வீச்சைக் கண்டு முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடக்கூடும். அந்தப் பருவத்தில் இரவு நேரத்தில் அங்கு செல்லாதீர்கள்.

வானிலை நன்றாக இருக்கும் ஒரு நாளைக் குலேப்ரிட்டாவுக்கு ஒதுக்குங்கள். டூயியிலிருந்து வாடகைப் படகில் செல்ல வேண்டும். திரும்ப அழைத்துவரும் நேரத்தைப் படகோட்டியிடம் இறங்குவதற்கு முன்பே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். அந்தத் தீவில் மக்கள் இல்லை, கடையும் இல்லை. குன்றின் மேல் 1880களில் ஸ்பானியர் கட்டிய கலங்கரை விளக்கம் சிதைந்து நிற்கிறது. சுவர்கள் வலுவிழந்துள்ளதால் உள்ளே நுழையாமல் வெளியிலிருந்து பார்க்க வேண்டும்.

குண்டுகள் கிடக்கும் மண்

ஃபிளமென்கோவின் மணலில் வண்ணம் பூசப்பட்ட இரண்டு துருப்பிடித்த டாங்கிகள் நிற்கின்றன. எல்லோரும் அவற்றின் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அவை ஏன் அங்கே இருக்கின்றன என்பதைக் கேட்போர் குறைவு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கக் கடற்படை இத்தீவை எடுத்துக்கொண்டபோது, சான் இல்தெஃபோன்சோ என்ற பழைய ஊரின் மக்கள் இடம்பெயர்க்கப்பட்டார்கள். இன்றைய டூயி அப்படி உருவானதே. பின்னர் பல பத்தாண்டுகள், மக்கள் வாழ்ந்துகொண்டிருக்கும்போதே, தீவின் ஒரு பகுதியும் சுற்றியுள்ள சிறு தீவுகளும் குண்டுவீச்சுப் பயிற்சிக்கு இலக்காக இருந்தன. 1971இல் குலேப்ரா மக்கள் பயிற்சிக் களத்துக்குள்ளேயே சென்று அமர்ந்து போராடினார்கள். அவர்களோடு நின்ற, புவேர்ட்டோ ரிக்கோ சுதந்திரக் கட்சியின் தலைவர் ரூபென் பெர்ரியோஸ் சிறை சென்றார். 1975இல் கடற்படை பயிற்சியை நிறுத்தி வெளியேறியது. இன்று நாம் துண்டை விரித்துப் படுக்கும் மணல் அந்த மக்கள் மீட்டெடுத்த மணல்.

வெடிக்காத குண்டுகள் இன்னும் மண்ணிலும் கடலடியிலும் கிடக்கின்றன. அகற்றும் பணி தொடர்கிறது. எனவே வேலியையும் எச்சரிக்கைப் பலகையையும் தாண்டாதீர்கள், பாதையை விட்டு விலகிப் புதருக்குள் போகாதீர்கள், மணலை ஆழமாகத் தோண்டாதீர்கள். நீருக்கடியிலோ கரையிலோ உலோக உருளை போன்ற எதையேனும் கண்டால், அது எவ்வளவு துருப்பிடித்திருந்தாலும் தொடாமல், வந்த வழியே விலகிச் சென்று 911 எண்ணில் தெரிவிக்க வேண்டும். குழந்தைகளுக்கு இதை முன்பே சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.

இன்னோர் ஆபத்து மரத்தில் இருக்கிறது. கடற்கரை ஓரங்களில் வளரும் மன்சனியோ மரத்தின் காய் சிறு பச்சை ஆப்பிளைப் போல இருக்கும். அது கொடிய நஞ்சு. அதன் பால் தோலில் பட்டால் கொப்புளம் எழும். மழை பெய்யும்போது அதன் அடியில் ஒதுங்கினால் இலையிலிருந்து சொட்டும் நீரே புண்ணாக்கிவிடும். பெயர் தெரியாத மரத்தின் நிழலில் குழந்தைகளை உட்கார வைக்காமல், சொந்தக் குடையை எடுத்துச் செல்லுங்கள்.

புறப்படும் நாள்

கிளம்பும் நாளில் கடற்கரைக்குப் போவதைத் தவிர்த்து, வாடகை வண்டியை முன்னதாக ஒப்படைத்துவிட்டு டூயி துறைக்கு வந்துவிடுங்கள். அன்று காலையில் படகு ஓடுகிறதா என்பதைத் தங்குமிடத்தில் கேட்டால் சரியான தகவல் கிடைக்கும். தீவில் எல்லோருக்கும் அது தெரிந்திருக்கும். குப்பையில் கொண்டுபோக முடிந்ததைப் பெரிய தீவுக்கே எடுத்து வந்துவிடுங்கள். பவளத் துண்டு, சிப்பி, மணல் எதையும் பையில் வைக்காதீர்கள். சான் ஹுவான் விமான நிலையத்தில், அமெரிக்காவின் பிற பகுதிகளுக்குச் செல்லும் பயணிகளின் பைகளை வேளாண்துறை ஊழியர்கள் சோதிக்கிறார்கள். மாம்பழம் உள்ளிட்ட பல பழங்களுக்கு அங்கே அனுமதி இல்லை. வாங்கிய பழங்களை விமான நிலையத்துக்கு வருவதற்கு முன்பே சாப்பிட்டு முடித்துவிடுங்கள்.